நீலகிரியில் புது கார்: ஃபேன்சி நம்பர் வாங்கலாமா, வேண்டாமா?

காரை இன்னும் புக் செய்யாதவர்களுக்காகவும், புக் செய்துவிட்டுப் பில் போடக் காத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பதிவு விண்ணப்பம் ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அன்றைக்கு ஓடுகிற வரிசையில் ஒரு நம்பர் தானாக விழுந்துவிடும். அதற்குப் பிறகு "வேறு நம்பர் வேண்டும்" என்று போய் நிற்பதில் பலன் இல்லை. இங்கே அலைகிறவர்களில் பெரும்பாலோர் பணம் இல்லாமல் அலைவதில்லை. முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்ததால்தான் அலைகிறார்கள்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்து ஆட்களோடு இந்த வேலைக்குப் பலமுறை போய்வந்திருக்கிறேன். யார் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து அந்த வரிசையிலேயே கீழே கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு படியும் அடுத்ததற்கு வேண்டியது என்பதால் எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீலகிரி முகவரி உள்ள ஆதார் அல்லது வேறு முகவரிச் சான்று, பான் கார்டு, ஷோரூம் கொடுத்த எழுத்துப்பூர்வமான விலைப்பட்டியல். கடன் வாங்குவதாக இருந்தால் வங்கியின் ஒப்புதல் கடிதம். முகவரி பழைய ஊரில் இருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை. ஏன் என்பது அடுத்த பகுதியிலேயே தெரியும்.

1. நம்பரை இரண்டு பாதியாகப் பிரித்துப் பாருங்கள்

நீலகிரிப் பதிவைக் காட்டும் 'டிஎன் 43' என்பது ஒரு பாதி. வரிசை எழுத்தும் கடைசி நான்கு இலக்கமும் மறு பாதி. ஆசை முழுக்க இரண்டாவது பாதியின் மேல் இருக்கிறது. மலையில் தினமும் வேலை செய்வது முதல் பாதி.

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டிஎன் 43 வண்டிக்கு அந்தக் கேள்வியே இல்லை. இங்கேயே குடியிருந்துகொண்டு வெளி மாவட்டப் பதிவு எண்ணில் ஓட்டுகிறவர்தான், தான் உள்ளூர் ஆள் என்று ஆவணம் காட்டித் தனியாக உள்ளூர் பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. கல்லட்டி இறக்கமும் இப்படித்தான். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு உள்ள அந்தப் பாதையில் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. தலைக்குந்தாவில் நிற்கிற காவலர் உங்கள் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்ப்பதில்லை. டிஎன் 43 இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.

நான் பார்த்ததிலேயே வருத்தமான தவறு இங்கேதான் நடக்கிறது. "கோயம்புத்தூரில் நல்ல நம்பர் இருக்கிறதாம்" என்று கேள்விப்பட்டு, அங்குள்ள சொந்தக்காரர் முகவரியில் டிஎன் 37, 38, 66, 99 என்று ஏதோ ஒன்றில் பதிந்துவிடுகிறார்கள். ஆசைப்பட்ட நம்பர் கிடைத்துவிடுகிறது. அப்புறம் மலையேறும் வழியில் உள்ள பர்லியார், குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியதாகிறது. காரைக் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் பதிவு உங்கள் மலை முகவரியில், டிஎன் 43-ல் வரவேண்டும் என்று ஷோரூமில் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். சில ஷோரூம்களில் தங்களுக்குப் பழக்கமான அலுவலகத்திலேயே பதிந்து முடிக்கப் பார்ப்பார்கள். வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இந்த முதல் பாதிக்குக் கூடுதல் காசு கிடையாது.

2. எதற்காக வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து எழுதுங்கள். காரணம் தெளிவானால் எந்த நம்பர், எவ்வளவு செலவு என்பது பாதி தீர்ந்துவிடும்.

*கூட்டுத்தொகைக்காக என்றால்:* பணம் கட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் 4521-க்கு 3 வரும், 4522-க்கு 4, 4523-க்கு 5. அப்படியே போய் 4527-க்கு 9. மறுபடி 4528-க்கு 1. அதாவது அடுத்தடுத்து வரும் எந்த ஒன்பது நம்பரை எடுத்தாலும் அதில் ஒன்று உங்களுக்கு வேண்டிய கூட்டுத்தொகையில் இருக்கும். 1 முதல் 9999 வரை பார்த்தால் ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் 1,111 நம்பர்கள். ஆகவே 9 வேண்டும் என்பதற்காக 9999-க்கோ 0009-க்கோ போட்டி போட வேண்டியதில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத 4527-லும் அதே 9 இருக்கிறது. "8 வரக்கூடாது, அவ்வளவுதான்" என்பவர்களுக்கு ஒன்பதில் எட்டு வாய்ப்பு சும்மாவே சாதகம். அவர்கள் காசு கட்டாமல் வருகிற நம்பரை வாங்கிக்கொள்வதே நல்லது என்று சொல்வேன்.

இன்னொன்றையும் கேட்டுத் தெளிவாகுங்கள். உங்கள் ஜோசியர் கடைசி நான்கை மட்டும் கூட்டச் சொன்னாரா, முழு நம்பரையுமா? 4527 தனியாக 9. அதோடு டிஎன் 43-ன் 4, 3 இரண்டையும் சேர்த்தால் 16, அதாவது 7. எழுத்துகளுக்கும் எண் கொடுத்துக் கூட்டுகிறவர்கள் உண்டு. அப்படியானால் வரிசை எழுத்து மாறும்போது கணக்கே மாறிவிடும். வரிசை 9999-ஐ நெருங்கிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால், உங்கள் முறை வருவதற்குள் அடுத்த எழுத்து தொடங்கிவிடலாம். இரண்டு எழுத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

*பிறந்தநாள், கல்யாண நாள் என்றால்:* இது நியாயமான ஆசை, கிடைப்பதும் எளிது. தேதியும் மாதமும் சேர்ந்த 1407, 2311 மாதிரி நம்பர்களுக்கு உங்கள் வீட்டைத் தாண்டிப் போட்டி இருக்காது. ஆண்டாக எழுதினால் (1987, 2015) கொஞ்சம் போட்டி வரும்.

*தொழிலுக்கு என்றால்:* டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறவர்களுக்கு இதில் உண்மையான பயன் உண்டு. மே மாதம் மலர் கண்காட்சி நேரத்தில் தாவரவியல் பூங்கா பக்கம் ஒரே மாதிரி வெள்ளை வண்டிகள் வரிசையாக நிற்கும். பயணி தன் வண்டியைக் கண்டுபிடிக்கவும், அடுத்த வருடம் நினைவு வைத்து அழைக்கவும் 4000, 5500 போன்ற நம்பர் உதவும்.

*பிற்பாடு விலை ஏறும் என்றால்:* வேண்டாம். பிரிட்டனில் நம்பரைத் தனியாக விற்கலாம், வாங்கலாம், ஒரு காரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். அங்கே அது ஒரு சந்தை. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே முதலீடு என்று நினைக்காதீர்கள். இங்கே நம்பர் வண்டியோடு ஒட்டியது. வண்டியை விற்றால் நம்பரும் சேர்ந்து போய்விடும், அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பவர் அபூர்வம்.

3. நீங்கள் கேட்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று வகையாகப் புரிந்துகொண்டால் போதும். முதலாவது, இப்போது ஓடுகிற வரிசையில் சற்றுத் தள்ளி வரப்போகிற சாதாரண நம்பரை முன்கூட்டியே ஒதுக்கிக் கேட்பது. இது ஆர்டிஓ அளவிலேயே முடியும், கட்டணமும் குறைவு. இரண்டாவது, 1, 7, 1111, 9999 போன்று அரசு தனியாக ஒதுக்கி வைத்திருக்கும் நம்பர்கள். இவற்றுக்குச் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்துறையின் போக்குவரத்துப் பிரிவு வரை விண்ணப்பம் போகும். கட்டணம் அதிகம், காத்திருப்பும் அதிகம். மூன்றாவது, இன்னும் தொடங்காத வரிசையிலிருந்து கேட்பது. வரிசை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதற்கேற்பக் கட்டணமும் ஏறும்.

கூடலூர், பந்தலூர் பக்கத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஃபேன்சி நம்பரை ஆன்லைன் ஏலத்தில் விடுகிறார்கள். 2025-ல் கொச்சியில் ஒரு 0007 சுமார் 46 லட்சத்துக்குப் போனது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு "நமக்கெல்லாம் எட்டாது" என்று விட்டவர்களும் உண்டு. அங்கே உள்ள முறையை வைத்து இங்கே உள்ள கட்டணத்தைக் கணக்கிடாதீர்கள்.

மத்திய அரசு விதிப்படி, மத்திய, மாநில அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் பிஎச் (மாநிலம் மாறினாலும் நம்பர் மாறாத 'பாரத்') வரிசை எடுக்கலாம். அதில் நம்பரைக் கணினியே கொடுக்கும், தேர்வு கிடையாது. இரண்டும் வேண்டும் என்று கேட்க முடியாது.

4. பணக் கணக்கு

கட்டணத்தை ஆர்டிஓ ஆபீசில் நேராகக் கேட்டு, வண்டி விலைக்கும் வகைக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். புரோக்கர் சொல்லும் தொகையிலிருந்து கணக்கைத் தொடங்காதீர்கள்.

இந்தத் தொகை, வாழ்நாள் வரிக்கு மேல் வருவது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் கார்களுக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று வரி. 10 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிய காரை எடுக்கிறவர் அதிலேயே பெரிய தொகையைக் கூடுதலாகக் கட்டுகிறார். வங்கிக் கடன் ஆன்ரோடு விலைக்குத்தான். நம்பர் கட்டணத்தைப் பெரும்பாலும் கையிலிருந்துதான் போட வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸிலும் இது வராது. காப்பீட்டு மதிப்பு, உற்பத்தியாளரின் விற்பனை விலையிலிருந்து தேய்மானம் கழித்துப் போடுவது. கார் திருடு போனாலோ முழுச் சேதமானாலோ நம்பருக்குக் கட்டிய பணம் திரும்பி வராது.

இப்போது தொகையைக் காரை வைத்திருக்கப் போகும் ஆண்டுகளால் வகுங்கள். உதாரணத்துக்கு 21,000 ரூபாய், ஏழு ஆண்டு என்றால் ஆண்டுக்கு 3,000. மாதம் 250 ரூபாய். அந்தச் சந்தோஷத்துக்கு அது தகும் என்று மனம் சொன்னால் தாராளமாக வாங்குங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பனிமூட்ட விளக்கு இல்லாத மாடலை, "அடுத்த மாடலுக்கு இருபதாயிரம் கூடுதல்" என்று தவிர்த்துவிட்டு, அதே இருபதாயிரத்தை நம்பருக்குக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஜூலையில் காட்டேரி பக்கமோ, மாலை ஆறு மணிக்குக் கோத்தகிரி மலைப்பாதையிலோ வண்டி ஓட்டியவர்களுக்கு எதை முதலில் வாங்க வேண்டும் என்று தெரியும். விளக்கு, நல்ல டயர், பின்பக்க வைப்பர். இவையெல்லாம் முடிந்து மிச்சம் இருந்தால்தான் நம்பர். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

5. இந்தக் கார் எங்கே ஓடப்போகிறது?

மகன் மைசூருவிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறான், ஓரிரு வருடத்தில் காரை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் ஃபேன்சி நம்பர் வேண்டாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்து புது நம்பர் வாங்க வேண்டும். நீங்கள் பணம் கொடுத்த நம்பர் அத்தோடு முடிந்தது. தமிழ்நாட்டுக்குள் எந்த ஊருக்குப் போனாலும் அதே நம்பர் தொடரும்.

6. ஓடுகிற வரிசையைப் பார்த்து, மூன்று நம்பர் எழுதுங்கள்

ஒரே ஒரு நம்பரை மனதில் வைத்துக்கொண்டு போவதுதான் புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. அது போயிருக்கும். அங்கேயே நின்றுகொண்டு வீட்டுக்கு போன் செய்து, "ஏங்க, 2311 இல்லையாம், வேறென்ன சொல்ல?" என்று கேட்டு அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு வருவார்கள்.

முதலில் இன்றைக்கு எந்த வரிசை, எந்த நம்பர் வரை போயிருக்கிறது என்று கேளுங்கள். வாரத்தில் சுமாராக எத்தனை நம்பர் நகர்கிறது என்பதையும் கேளுங்கள். கோவை மாதிரி வேகமாக இங்கே வரிசை ஓடாது, சிறிய மாவட்டம். இதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. ஆசைப்பட்ட நம்பர் யாரும் எடுக்காமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இன்னும் ஆயிரம் நம்பர் தள்ளி இருப்பதற்காக இயல்பாக அது வரும்வரை காத்திருந்தால் மாதக்கணக்கில் ஆகும். கூடலூர் பக்கத்தவர்கள் தங்கள் பகுதி அலுவலகத்தில் ஓடும் வரிசையைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஊட்டியில் சொன்னதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அப்புறம் மூன்று நம்பரை விருப்ப வரிசையில் எழுதி, மூன்றுக்கும் வீட்டில் சம்மதம் வாங்கிவிடுங்கள். மூன்றாவதும் இல்லையென்றால் வருகிற நம்பரை எடுத்துக்கொள்வோம் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

7. ஷோரூமுக்கு முன்னால் சொல்லுங்கள், பில்லுக்கு முன்னால் முடியுங்கள்

புக்கிங் படிவத்திலேயே "நம்பர் தேர்வு உண்டு, என் ஒப்புதல் இல்லாமல் பதிவு விண்ணப்பம் அனுப்ப வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பதிவு வேலையை ஷோரூமில் தனி ஆள் பார்ப்பார். விற்பனையாளரிடம் மட்டும் சொன்னது அவரிடம் போய்ச் சேராமல் போவது சகஜம்.

சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வந்ததும், அவை விற்பனைச் சான்றான படிவம் 21-லும், பதிவு விண்ணப்பமான படிவம் 20-லும், நம்பர் விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். உங்கள் பெயரும் அப்படித்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், விண்ணப்பத்தில் முன்னால் என்று இருந்தால் அதற்கே ஒரு நாள் போகும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு தாளுக்காக மறுபடி மலையேற வேண்டாம் பாருங்கள்.

கட்டணத்தை அரசுக் கணக்கில் உங்கள் பெயரில் கட்டி, ரசீதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று மொத்தமாகக் கேட்டால் அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். எத்தனை நாளுக்குள் வண்டியைப் பதிய வேண்டும் என்ற கெடுவையும் கேட்டு ரசீதின் மேலேயே எழுதிவிடுங்கள். நம்பர் கிடைத்தும் கார் வரத் தாமதமாகிக் கெடு தாண்டுவதுதான் இதில் பெரிய நஷ்டம். அதனால் ஷோரூமுக்குக் கார் வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே பணம் கட்டுங்கள்.

8. நல்ல நாளை நம்பருக்குப் பின்னால் குறியுங்கள்

முகூர்த்தத்தை முதலில் குறித்துவிட்டால், அந்த நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் நம்பரை விட்டுக்கொடுப்பீர்கள், அல்லது நம்பர் இல்லாமல் காரை வெளியே எடுப்பீர்கள். இரண்டாவது மிக ஆபத்து. பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம், விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல். நம்பர் உறுதியான பிறகு, சில நாள் இடைவெளி விட்டு மூன்று நல்ல நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

9. பலகையில் கை வைக்காதீர்கள்

2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். அலுமினியப் பலகை, அசோகச் சக்கர ஹாலோகிராம், லேசரில் பதித்த தனி எண், கழற்றினால் உடைந்துவிடும் பூட்டு. டீலரே பொருத்திக் கொடுப்பார். எழுத்து ஆங்கிலத்தில், சாதாரண எண்களில்தான் இருக்க வேண்டும். 8055-ஐ வளைத்து BOSS என்ற எழுத்துபோல் காட்டுவது, எண்ணை நெருக்கி வைப்பது, தலைவர் படம் ஒட்டுவது எதற்கும் இடமில்லை. முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்த முறை 1,500 வரை அபராதம்.

இதை முடிவெடுக்கும்போதே நினைவில் வையுங்கள். எந்த நம்பராக இருந்தாலும் பலகை எல்லோருடையதும் போலத்தான் இருக்கும். "பார்த்தாலே தனியாகத் தெரிய வேண்டும்" என்பது உங்கள் காரணமாக இருந்தால் ஏமாற்றம் வரும்.

10. நம்பர் வந்த அன்றே செய்ய வேண்டியவை

ஆர்சி விவரத்தில் நம்பர், பெயர், சேசிஸ், எரிபொருள் வகை நான்கையும் சரிபாருங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் சேசிஸ் எண்ணோடு பதிவு எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபாஸ்டேகிலும் அப்படியே. முன்கண்ணாடியில் ஒட்டும் பதிவு ஸ்டிக்கர் டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கு வெளிர் நீலம். நிறமும் எண்ணும் சரியா என்று பார்த்துவிடுங்கள்.

எளிதில் நினைவில் நிற்கும் நம்பரைப் போலிப் பலகையில் போடுகிறவர்களும் உண்டு. உங்கள் கைப்பேசி எண் ஆர்சியில் சரியாக இருந்தால்தான் தவறான அபராதம் வந்ததும் தெரியும். மாதம் ஒருமுறை இ-சலான் பக்கத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் போகாத ஊரின் பெயர் அதில் இருந்தால், அன்றைக்கு வண்டி எங்கே நின்றது என்பதற்கான ஆதாரத்தோடு உடனே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கி ஆர்சி நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.